ஆறை நாலாக்கிய பென்சில்

போன கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று ஊர்காவற்றுறை வானிலைக் கந்தோரின் படஅறைக்கு வந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கதிரை போட்டீர்கள், தேத்தண்ணி தந்தீர்கள், வானத்துச் செய்மதியிலிருந்து படம் வாங்கும் புது இயந்திரத்தைக் காட்டினீர்கள். நல்ல இயந்திரம், குறை சொல்லமாட்டேன். எங்கள் காலத்து ஈரக் கடதாசியும் அதன் புளித்த மணமும் இல்லை. இந்தியக் கரையின் ஒவ்வொரு வளைவும் துலக்கமாகத் தெரிகிறது. உங்களில் ஒரு தங்கச்சி, "இனிப் புகையையும் தூசியையும் ஆரும் மாறிச் சொல்லேலாது ஐயா" என்றார். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

பிறகு மேசையில் கிடந்த பதிவேட்டைப் புரட்டினேன். கை சும்மா இராது, பழைய பழக்கம். அந்த மாதத்துப் பக்கத்தில், நெடுந்தீவு வரிசையில், ஓர் இலக்கத்தை அழிறப்பரால் அழித்துவிட்டு அதன் மேலே நாலு என்று எழுதியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். "படத்தோடை ஒத்துவரேல்லை ஐயா. அதுதான் திருத்தினனாங்கள்" என்று ஒரு தம்பி சொன்னார். அவர் அதை மறைக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். வயிற்றுக்குச் சரியில்லை என்று சொன்னது பொய். எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஏறி புளியங்கூடலில் இறங்கி, வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகும் அது போகவில்லை. இளையவர்களுக்குப் பணி அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதைத்தான் எழுதப்போகிறேன். வாசித்துவிட்டு என்னை இனிமேல் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவில் வானிலை அவதானியாக இருந்த கிளாரா அக்கா ஒரு நாள் காலையில் எனக்கு ஓர் இலக்கம் சொன்னார். அவர் சொன்னது ஆறு. நான் அதைப் பென்சிலால் நாலாக்கினேன். அவருடைய தம்பி அன்ரன் அப்போது வள்ளத்தைத் தள்ளாமல் கரையில் நின்றுகொண்டிருந்தார், என்னுடைய பதிலுக்காக.

இதற்குமேல் போகமுதல் அந்த இலக்கங்களைப் பற்றிக் கொஞ்சம். உங்களுக்குத் தெரியும், ஆனால் இதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும். வானம் மங்கிக் கிடந்தால் அதற்குக் காரணம் என்ன என்பதை அவதானி ஓர் இலக்கத்தில் சொல்லவேண்டும். நாலு என்றால் புகை. ஆறு என்றால் காற்றோடு மிதந்து வருகிற தூசி. எங்கள் கடலுக்கென்று ஒரு விதி இருந்தது. வன்னிக்காட்டுப் புகை உயரத்தால் வரும், கடலில் நிற்பவனுக்கு அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆகவே நாலு வந்தால் பதிந்துவிட்டு இருக்கலாம். தூசி அப்படியில்லை. அது தாழ்ந்து வரும், அதன் பின்னால் காற்றும் வரும். ஆறு வந்தால் சிவப்புக் கொடி ஏற்றியே ஆகவேண்டும். ஊர்காவற்றுறைத் துறைமுகக் கம்பத்தில் நாங்கள் ஏற்றுவோம். நெடுந்தீவிலும் ஒரு கம்பம் இருந்தது. ஆனால் நாங்கள் சொல்லாமல் அங்கே கொடி ஏற்ற அவர்களுக்கு உரிமை இல்லை. இந்த விதியை எழுதியவர் நெடுந்தீவைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

நான் ஐம்பதுகளின் நடுவில் மழைமானி வாசிக்கிற வேலைக்குச் சேர்ந்தவன். எழுபதுகளில் செய்மதிப் படம் வாங்கும் கருவி ஒன்றைப் பரீட்சார்த்தமாக எங்கள் கட்டடத்தில் பூட்டியபோது, இங்கிலிஷ் புத்தகத்தை வாசித்து விளங்கக்கூடியவன் என்று என்னைப் பொறுப்பாக்கினார்கள். கூரையில் ஏரியல். அதைக் கையால் திருப்பச் சின்னத்துரை அண்ணை. செய்மதி எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தால் வரும் என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, அவர் கூரையில் நின்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பின்தொடர்ந்து திருப்பிக்கொண்டிருப்பார். கீழே கடதாசியில் வரிவரியாகப் படம் இறங்கும். முதல் தடவை அதில் நெடுந்தீவை ஒரு பொட்டாகக் கண்டபோது எனக்கு வந்த தலைக்கனத்தைச் சொல்லி முடியாது. அன்றிலிருந்து, கடவுளுக்கு அடுத்தபடியாக மேலே இருந்து பார்க்கிறவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி அந்தக் காலத்தில் என்னை எப்படிச் சகித்தாளோ தெரியாது.

கிளாரா அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடற்றொழில் செய்கிற குடும்பம். ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்கு வயர்லெஸில் வந்து காற்று, மழை, வானம் எல்லாம் சொல்லுவார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது, அது எங்கள் புத்தகம் எதிலும் இல்லாதது. வெள்ளை எனாமல் கோப்பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி, விடியக்காலையில் கல்மதிலின் மேல் வைத்துவிடுவார். கோப்பை என்று நான் சொல்வது சோறு சாப்பிடுகிற தட்டு, அதுவும் வீட்டுக் கோப்பைதான். அறிக்கை சொல்லுமுன் அதை எட்டிப் பார்ப்பார். புகை என்றால் தண்ணீர் தெளிவாக இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு சாம்பல் துகள் மிதக்கும். தூசி என்றால் அடியில் சிவப்பாகப் படிந்துவிடும். சாம்பல் மிதக்கும், மண் தாழும். இவ்வளவுதான் அவருடைய கருவி.

நான் அதை வைத்துப் பகிடி விடுவேன். "என்னக்கா, கோப்பை இண்டைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பேன்.

"உங்கடை செய்மதி மேலை இருந்து பாக்குது தம்பி. என்ரை கோப்பை கீழை இருந்து பாக்குது. ரெண்டும் வேணும்" என்பார். கோபிக்கமாட்டார்.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. வன்னியில் காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் படத்தில், தெற்கிலிருந்து எங்கள் தீவுகள் வரைக்கும் கடலின் மேல் ஒரு சாம்பல் நிறத் திரை. அவ்வளவு தடிப்பாக நான் அதற்கு முதல் கண்டதில்லை. கிளாரா அக்கா காலையிலேயே நாலு என்று சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. இவ்வளவு தடிப்பு புகைக்கு வராது, இது தூசிதான் என்று தீர்மானித்துக் கொடியை ஏற்றினேன், நெடுந்தீவிலும் ஏற்றச் சொன்னேன். இரண்டு நாள் ஒரு வள்ளமும் போகவில்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. புகை உயரத்தால் போய் முடிந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் துறைமுகப் பக்கம் தலைகாட்ட ஏலாமல் போயிற்று. யாராவது சுருட்டுப் பற்றவைத்தால், "ஐயா நிக்கிறார், கொடியை ஏத்தப்போறார், அணையுங்கோ" என்று ஒருவர் கத்துவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சந்தையில் மீன்விற்கிற மனிசி கூட, அடுப்புப் புகைக்கும் கொடி உண்டோ என்று கேட்டாள். இரண்டு நாள் தொழில் இழந்தவர்களுக்கு அவ்வளவு பேச உரிமை உண்டு என்று இப்போது சொல்லுகிறேன். அப்போது உடம்பெல்லாம் எரிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து என் மேலதிகாரி தொலைபேசியில் வந்தார். "படமும் பதிவும் ஒண்டோடொண்டு ஒத்துப்போக வேணும். அவதானி சொல்லுறது படத்தோடை ஒத்துவராட்டி, பிழை அவதானியிலைதான். விளங்குதே?" என்றார். அன்றைக்கு நடந்த கூத்தில் அவதானி சரியாகச் சொல்லியிருந்தார், படத்தைப் பிழையாக வாசித்தவன் நான். அதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். "ஓம் சேர்" என்றுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிழையிலிருந்து பாடம் படிக்கவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நானும் படித்தேன், ஆனால் பிழையான பாடத்தை. அக்காவின் கோப்பையைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் படிக்கவில்லை. இனி லேசில் கொடி ஏற்றக்கூடாது என்பதைத்தான் படித்தேன்.

அதிலிருந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று இன்னும் விடாத நாட்கள். ஏழரைக்கு வயர்லெஸில் அக்கா வந்தார்.

"ஆறு" என்றார். "தம்பி, இண்டைக்கு ஆறு. மேற்கு மங்கிக்கொண்டு வருகுது."

"அக்கா, வன்னி இன்னும் எரியுது. உது புகையாத்தான் இருக்கும்."

"புகை எண்டால் மணக்குமெல்லே. ஒரு மணமும் இல்லை. கோப்பையிலை அடியிலை படிஞ்சு கிடக்கு, சிவப்பா."

ஒன்பது மணிக்குச் செய்மதி வரும், பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றேன். அவர் சொன்ன ஆறைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதினேன். அந்தக் காலத்தில் முதலில் பென்சிலால் எழுதி, படம் வந்த பிறகு மையால் உறுதிப்படுத்துவது எங்கள் அறையின் வழக்கம். அந்த வழக்கத்தைத் தொடக்கியவனும் நான்தான், துப்புரவாக இருக்கும் என்று.

ஒன்பது மணிக்குப் படம் வந்தது. கடலின் மேல் அதே சாம்பல் திரை. ஆனால் இந்த முறை அது மேற்கே, இந்தியக் கரையில் தடிப்பாகத் தொடங்கி, நெடுந்தீவை நோக்கி மெலிந்து வந்தது. வன்னி தெற்கிலும் கிழக்கிலும் கிடக்கிறது. மேற்கில் தடித்திருப்பது வன்னிப் புகையாக இருக்க ஏலாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் மூளை கெட்டிக்காரத்தனமாக ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்துத் தந்தது. போன முறை வந்து போன புகை கடலில் நின்றுவிட்டு இப்போது சோளகத்தோடு திரும்பி வருகிறது என்று. இப்படி ஒரு விளக்கத்தை நான் அதற்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. எனக்கு அது அன்றைக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். படம் பொய் சொல்லவில்லை. படத்தில் உயரம் தெரியாது, நிறம் தெரியாது, மணம் தெரியாது. அது சாம்பல் நிறத்தில் ஒரு திரையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. மிச்சத்தை நான்தான் பேசினேன். துறைமுகத்தில் சுருட்டுக்காரர்கள் சிரித்த சிரிப்பு காதில் கேட்க, அதற்கு ஏற்ற மாதிரிப் பேசினேன்.

அக்கா திரும்ப வயர்லெஸில் வந்தார். "தம்பி, அன்ரன் கரையிலை நிக்கிறான். வலை எடுக்கப் போகவேணும். மற்ற மூண்டு பேரும் வந்திட்டினம். கொடி ஏறுமோ எண்டு கேக்கிறான்."

"ஏறாதக்கா. புகைதான். போகச் சொல்லுங்கோ."

"கோப்பையிலை மண் கிடக்கு தம்பி" என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

"கோப்பையைப் பாத்துக் கொடி ஏத்தேலாதக்கா. போன முறை நான் பட்டது போதும்."

"போன முறை நான் நாலு எண்டுதானே சொன்னனான்" என்றார்.

வயர்லெஸை வைத்தேன். பதிவேட்டில் ஆறு இருந்தது. ஆறு இருக்கும்போது கொடி ஏற்றாமல் விட்டால் அது விதிமீறல், நாளைக்குக் கேள்வி வரும். பென்சிலால் எழுதியதுதானே. அழிறப்பரை எடுத்து அழித்தேன், நாலு எழுதினேன். பிறகு மேலதிகாரிக்குத் தொலைபேசியில், நெடுந்தீவு நாலு, படமும் நாலு, ஒத்துப்போகிறது என்று சொன்னேன். "வெரி குட்" என்றார். சின்னத்துரை அண்ணை கூரையால் இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

"அவ ஆறு எண்டெல்லோ சொன்னவ?" என்றார்.

"அண்ணை, நீங்கள் ஏரியலைப் பாருங்கோ" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கமாக அறை மங்கத் தொடங்கியது. யன்னலால் பார்த்தேன். முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற காரைநகரைக் காணவில்லை. துறைமுகக் கம்பமே மங்கலாகத் தெரிந்தது. காற்று கதவை அடித்துச் சாத்தியது. மேசையில் விரித்திருந்த படத்தின் மேல் விரலை வைத்து இழுத்தேன். விரல் சிவந்தது. ஓடிப்போய்க் கொடியை ஏற்றினோம். யாருக்கு ஏற்றினோம் என்று தெரியவில்லை, ஐம்பது அடி தள்ளி நின்றவனுக்கே அது தெரிந்திராது.

நெடுந்தீவு தட்டையான தீவு. கடலில் நிற்கிறவனுக்கு அடையாளம் பனைத்தலைகள்தான், அதுவும் தெளிந்த வானத்தில்தான். அன்ரனின் வள்ளம் கரை எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டு வந்து, மேற்குப் பக்கத்துக் கற்பாரில், தண்ணீருக்குள் கிடக்கிற பாறையில், ஏறி உடைந்தது. மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அன்ரன் சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. போகவேண்டாம் என்று அக்கா தன்னால் முடிந்தமட்டும் மறித்திருக்கிறார். "உங்கடை கந்தோரே கொடி ஏத்தேல்லை, நீ ஏன் மறிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் அன்ரன் போயிருக்கிறார். இதைத் தப்பி வந்த மூவரில் ஒருவர் எனக்குப் பிறகு சொன்னார்.

பதிவேட்டில் நாலு அப்படியே கிடந்தது. அது பென்சில்தான், திரும்ப ஆறாக்கியிருக்கலாம். ஆனால் மேலிடத்துக்கு நாலு என்று சொல்லி முடித்துவிட்டேன். அன்று பின்னேரம் அந்த நாலின் மேல் மையால் எழுதி உறுதிப்படுத்தினேன். மற்ற நாட்களில் எழுதுகிற அதே கையெழுத்தில்தான் எழுதினேன், அதுதான் எனக்கு இப்போதும் பொறுக்காதது.

ஒரு மாதத்துக்குப் பிறகு விசாரணை வந்தது. தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி, கூட ஓர் எழுத்தர். எங்கள் படஅறையில்தான் வைத்தார்கள். கிளாரா அக்கா காலை லோஞ்சுப் படகில் வந்தார். கறுப்புச் சேலை. கையில் துணியால் சுற்றிய ஒன்று.

அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நீர் அனுப்பினது நாலு. தூசியைப் புகை எண்டு பிழையாச் சொன்னதாலைதான் கொடி ஏறேல்லை. ஏன் பிழையாச் சொன்னனீர்?"

"நான் ஆறு எண்டுதான் சொன்னனான்" என்றார் அக்கா.

"பதிவிலை நாலு கிடக்கு."

அக்கா துணியை அவிழ்த்தார். அந்த வெள்ளைக் கோப்பை. அன்றைக்கு ஊற்றிய தண்ணீர் வற்றி, அடியில் சிவப்பு மண் ஏடாகக் காய்ந்து பிடித்திருந்தது. ஒரு மாதம் அதைக் கழுவாமல், ஆடாமல் அசையாமல் வைத்திருந்து, லோஞ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மேசையில் வைத்து, "இதுதான் அண்டைக்குக் காலமை கோப்பையிலை இருந்தது. புகை இப்பிடிப் படியுமோ எண்டு பாருங்கோ" என்றார்.

அதிகாரி எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். "சோத்துக் கோப்பை எப்ப இருந்து அரசாங்கக் கருவியாப் போச்சு?" என்றார். எழுத்தரும் சிரித்தார். தம்பியைக் கடலுக்குக் கொடுத்த ஒரு மனிசிக்கு முன்னால் இரண்டு ஆண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் மூன்றாவது ஆளாக நின்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரல்லோ எழுதினனீர். சொல்லும்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்டைக்கு வயர்லெஸ் தெளிவா இருக்கேல்லை அக்கா" என்றேன்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. என் மேலும் பழி இல்லை, அவர் மேலும் பழி இல்லை, எல்லாப் பழியும் வயர்லெஸின் மேல் என்று ஒரு வசனம். எவ்வளவு கண்ணியமான பொய்! முழுப் பொய் சொல்லுகிறவனைக்கூட மன்னிக்கலாம். இப்படிப் பதமாகப் பேசி ஒரு மனிசியைக் கொல்லுகிறவனை என்ன செய்வது? கந்தோர்களில் நீங்கள் இந்த மாதிரி வசனங்களை நிறையக் கேட்பீர்கள். கேட்டவுடன் காதைப் பொத்துங்கள், அல்லது சொன்னவனின் வாயைப் பொத்துங்கள்.

அக்கா கோப்பையைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதிகாரி கோப்புகளைக் கட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து சின்னத்துரை அண்ணையின் குரல் கேட்டது. "தம்பி, அவ இறங்குதுறையிலை இருந்து கோப்பையைக் கழுவுறா!"

ஓடினேன். கடைசிப் படியில் குந்தியிருந்து, கடல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி, விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு கரைந்து போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, ஏன் கழுவுறியள்? அது ஒண்டுதானே சாட்சி!"

"அன்ரன்ரை பிள்ளையள் மூண்டும் இப்ப எங்கடை வீட்டிலை. இருக்கிற கோப்பை காணாது, சோறு போட இதும் வேணும்" என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஆறு எண்டு உமக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறை ஆருக்குக் காட்ட இதை வைச்சிருக்க?"

கோப்பையை உதறித் துணியில் துடைத்துக்கொண்டு லோஞ்சில் ஏறிவிட்டார்.

நான் படஅறைக்குத் திரும்பிப் போய், ஆறை நாலாக்கியவன் நான்தான் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் கோப்புக் கட்டிய நூலைக் காட்டினார். "எல்லாம் முடிஞ்சுது. இப்ப என்னத்துக்கு உமக்கு இந்த வேலை? அந்த மனிசி போயிட்டா. நீர் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். அவர் எனக்கு உதவி செய்வதாக உண்மையாகவே நினைத்தார். நான் ஒரு தாளை எடுத்து நடந்ததை எழுதிக் கையொப்பம் வைத்தேன். சின்னத்துரை அண்ணை இறங்கி வந்து, கேளாமலே பேனையை வாங்கித் தானும் வைத்தார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் முந்தி, அக்கா முன்னால் நின்று கேட்டபோது சொல்லியிருந்தால் அதற்கு ஒரு பெறுமதி இருந்திருக்கும்.

மாதங்கள் போய் ஒரு கடிதம் வந்தது. என் கூற்று கவனத்தில் எடுக்கப்பட்டதாம். நான் எச்சரிக்கப்படுகிறேனாம். அங்கீகரிக்கப்படாத பாத்திரத்தை அவதானிப்புக்குப் பயன்படுத்தியதால் நெடுந்தீவு அவதானி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டது சரியே என்றும் அதில் எழுதியிருந்தது. நான் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு மடித்து எடுத்துக்கொண்டு நெடுந்தீவுக்கு லோஞ்ச் ஏறினேன்.

அக்கா மதிலடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார், ஆனால் இருங்கோ என்று சொல்லவில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார்.

"பதிவிலை இப்ப என்ன கிடக்கு?" என்றார்.

"நாலுதான் அக்கா."

"அப்ப இத்தினை கடதாசி எழுதியும் நான் இன்னும் நாலு எண்டு சொன்னவள்தான்" என்றார். "என்ரை வேலையை விடும். அது போனது போனதுதான். நான் பிழை சொல்லித் தம்பி போனதா அன்ரன்ரை பெடியள் வளர்ந்து ஒரு நாள் அந்தப் புத்தகத்திலை வாசிக்கக்கூடாது."

அடுத்த நாள் காலை முதல் வேலையாக அந்தப் பக்கத்தை எடுத்தேன். அழிக்கவில்லை. நாலின் குறுக்கே, அது தெரியக்கூடிய மாதிரி ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் மையால் ஆறு எழுதினேன். அதன் கீழே, நெடுந்தீவு அவதானி காலை ஏழரைக்குச் சொன்னது ஆறு, அதை மாற்றியவன் நான் என்று எழுதி என் பெயரை வைத்தேன். பதிவேட்டில் கைவைத்ததற்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. முதல் தடவை கைவைத்தபோது "வெரி குட்" என்றவர்தான் அதில் கையொப்பமிட்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையில் பென்சிலும் அழிறப்பரும் இருக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் என்னைக் கிறுக்கன் என்றார்கள். படத்தோடு ஒத்துவராத அறிக்கைதான் எங்களுக்கு வருகிற அறிக்கைகளில் பெறுமதியானது, அது வந்த அன்றைக்குத்தான் நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறீர்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். சிலருக்கு விளங்கியது.

அந்தப் பழைய பதிவேடு உங்கள் அலுமாரியில் கீழ்த்தட்டில் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, போன கிழமை உங்கள் மேசையில் நான் பார்த்த பக்கத்தையும் திறவுங்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பமுதல், அழித்த இடத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அழிறப்பர் எவ்வளவு அழித்தாலும் பென்சில் அழுத்திய தடம் கடதாசியில் இருக்கும்.

கீழே இருந்தது ஆறு.

இப்போது நெடுந்தீவில் அவதானி யார் என்று கேட்டேன். உங்களில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. அந்த ஆறு வந்த அன்றைக்கு அங்கே வள்ளம் கடலுக்குப் போனதா என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றீர்கள்.